‘இல் ஃபோ க…’ என்று ஆரம்பித்துவிட்டு நின்றுவிடுகிறேன்: பிரெஞ்சு சப்ஜங்டிவ் குழப்பம்

கேழ்வரகு_தோசை · ஞாயிறு, இரவு 9:12

வணக்கம். பிரான்சில் லில் நகரத்துக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பிரெஞ்சில் பி1 நிலையை முடித்துவிட்டு மாலை வகுப்பில் அடுத்த நிலையான பி2 படிக்கிறேன். எல்லாம் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, சப்ஜங்டிவ் (வேண்டும், விரும்புகிறேன் போன்றவற்றுக்குப் பின்னால் வரும் தனி வினை உருவம்) வரும் வரை.

வகுப்பில் ஒரு முழுப் பக்க அட்டவணை கொடுத்தார்கள். உருப்போட்டுவிட்டேன். எழுதச் சொன்னால் யோசித்து எழுதிவிடுவேன். ஆனால் பேசும்போது ‘இல் ஃபோ க…’ (…வேண்டும்) என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிடுகிறேன். எதிரில் இருப்பவர் பாவம், மீதி வாக்கியம் எப்போது வரும் என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

போன வாரக் கட்டுரையில் மூன்று சிவப்புக் கோடு. ‘நான் கிளம்ப விரும்புகிறேன்’ என்பதற்கு ‘ஜ வெ க ஜ பார்த்’ என்று எழுதியிருந்தேன். ‘நீ வருவாய் என நம்புகிறேன்’ என்பதற்கு ‘ஜெஸ்பேர் க து வியென்’. மூன்றாவது, ‘ஆப்ரே க’ (பிறகு) என்பதற்குப் பின்னால் சப்ஜங்டிவ் போட்டது. ‘க’ (நம் ‘என்று’ மாதிரி) வந்தால் சப்ஜங்டிவ் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தேன்?

உருவத்தைச் சட்டென்று வாயில் வரவைக்க வழி உண்டா? எங்கே போடுவது, எங்கே போடக்கூடாது என்பதற்குத் தமிழ் மூளைக்கு ஏறுகிற மாதிரி ஏதாவது விளக்கம் உண்டா?

(பிரெஞ்சுச் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். கடைசியில் வரும் ‘ன்’ பல இடங்களில் வெறும் மூக்கொலி. கோபிக்காதீர்கள்.)

டிராம்_டிக்கெட் · ஞாயிறு, இரவு 9:40

ஸ்த்ராஸ்பூரில் நாலு வருடம். என் வழி சுலபம்: சப்ஜங்டிவ்வே பேசுவதில்லை. ‘இல் ஃபோ’ போட்டு நேராக மூல வினை. ‘இல் ஃபோ பார்திர்’, ‘இல் ஃபோ ஃபேர்’. போகணும், செய்யணும். வேலை முடிந்தது. இதுவரை யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை.

பழைய_பேனா · திங்கள், காலை 6:05

புதுச்சேரியில் முப்பது வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அம்மா கேழ்வரகு, அந்த அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். இதைக் காதால் பிடிக்க வேண்டும்.

நிகழ்காலத்தில் ‘அவன்’ வடிவத்தையும் ‘அவர்கள்’ வடிவத்தையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். அவன் முடிக்கிறான்: ‘இல் ஃபினி’. அவர்கள் முடிக்கிறார்கள்: ‘இல் ஃபினிஸ்’. அவன் கிளம்புகிறான்: ‘பார்’. அவர்கள்: ‘பார்த்’. சொல்கிறான்: ‘தி’. சொல்கிறார்கள்: ‘தீஸ்’. வைக்கிறான்: ‘மெ’. வைக்கிறார்கள்: ‘மெத்’. எழுதுகிறான்: ‘எக்ரி’. எழுதுகிறார்கள்: ‘எக்ரிவ்’. ஒருமையில் வாய்க்குள் ஒளிந்திருந்த மெய்யெழுத்து பன்மையில் வெளியே வருகிறது, கவனித்தீர்களா? அந்த மெய்யோடு நிற்கும் உருவம்தான் சப்ஜங்டிவ். ‘இல் ஃபோ கில் ஃபினிஸ்’, ‘இல் ஃபோ க ஜ பார்த்’, ‘இல் ஃபோ க து தீஸ்’. நான், நீ, அவன், அவர்கள் ஆகிய நான்குக்கும் ஒரே ஒலி. விதிவிலக்கான வினைகளில்கூட இந்த நான்கும் காதுக்கு ஒன்றாகத்தான் இருக்கும்.

எழுதும்போது ‘அவர்கள்’ வடிவத்தின் கடைசி ஈ-என்-டி எழுத்துகளை வெட்டுங்கள். மிஞ்சுவது அடிச்சொல். அதில் நான், நீ, அவன் என்ற வரிசையில் ஈ, ஈ-எஸ், ஈ என்ற விகுதிகளையும், அவர்களுக்குப் பழையபடி ஈ-என்-டியையும் ஒட்டுங்கள். ‘நூ’ (நாம்), ‘வூ’ (நீங்கள்) இரண்டுக்கும் ஐ-ஓ-என்-எஸ், ஐ-ஈ-இசட்.

‘பார்லே’ போன்ற ஈ-ஆர் வினைகளில் ‘இல் பார்ல்’ என்பதும் ‘கில் பார்ல்’ என்பதும் ஒன்றே. அதாவது பிரெஞ்சின் மிகப் பெரிய வினைக்கூட்டத்துக்கு நீங்கள் ஏற்கெனவே சப்ஜங்டிவ் பேசிக்கொண்டிருக்கிறீர்கள், தெரியாமலே.

கேழ்வரகு_தோசை · திங்கள், காலை 8:20

ஐயா, ரொம்ப நன்றி. இதை யாரும் இப்படிச் சொல்லவில்லை. டிராமில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ‘வியென்’, ‘ப்ரென்’, ‘ப்வாவ்’ எல்லாம் வந்தன. அப்புறம் ‘செய்’ வினையில் ‘இல் ஃபோன்’ என்பதிலிருந்து ‘க ஜ ஃபோன்’ என்றேன். பக்கத்தில் இருந்த பாட்டி நான் அலைபேசியைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைத்திருப்பார்.

அதோடு, ‘நீங்கள் எடுக்க வேண்டும்’ என்பதற்கு ‘க வூ ப்ரென்னியே’ சரியா?

பழைய_பேனா · திங்கள், மதியம் 1:30

‘ப்ரென்னியே’ இல்லை, ‘ப்ரனியே’. நல்ல இடத்தில்தான் இடறியிருக்கிறீர்கள்.

சில வினைகளுக்கு இரண்டு அடிச்சொல். நிகழ்காலத்திலேயே ‘நூ’, ‘வூ’ இரண்டும் தனியாக ஒதுங்கி நிற்கும் அல்லவா? ‘இல் ப்ரென்’, ஆனால் ‘நூ ப்ரனோன்’. ‘இல் வியென்’, ஆனால் ‘நூ வனோன்’. ‘இல் ப்வாவ்’, ஆனால் ‘நூ ப்யுவோன்’. சப்ஜங்டிவ்விலும் அதே ஒதுக்கம்: ‘க வூ ப்ரனியே’, ‘க வூ வனியே’, ‘க வூ ப்யுவியே’. இந்த இரண்டு உருவங்களும் தொடர் இறந்தகாலத்து, அதாவது ஆம்பார்ஃபே காலத்து, ‘நூ’, ‘வூ’ உருவங்களேதான். ஆம்பார்ஃபே தெரிந்தவருக்குப் புதிதாகப் படிக்க ஒன்றுமில்லை. எழுத்திலும் அப்படியே. ‘படி’ என்னும் ‘எத்யுதியே’ வினையில் ‘நூ’வுக்கு இரண்டு ‘ஐ’ அடுத்தடுத்து வருவதைப் பார்த்து அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

இந்த ஒற்றுமை பொருந்தாதவை ஐந்து: ‘எத்ர்’ (இரு), ‘ஆவ்வார்’ (உடைமை), ‘ஃபேர்’ (செய்), ‘பூவ்வார்’ (முடி, இயலு), ‘ஸாவ்வார்’ (அறி). இவற்றுக்கு முறையே ‘ஸ்வா’, ‘ஏ’, ‘ஃபாஸ்’, ‘புயிஸ்’, ‘ஸாஷ்’. நீங்கள் டிராமில் தேடியது அந்த ‘ஃபாஸ்’. ‘போ’, ‘விரும்பு’ இரண்டுக்கும் ‘ஆய்’, ‘வெய்’. ஆனால் ‘வூ’ வரும்போது ‘ஆலியே’, ‘வூலியே’ என்று ஒழுங்காக வீடு திரும்பிவிடும்.

‘எத்ர்’, ‘ஆவ்வார்’ இரண்டில் மட்டும் விகுதியும் தனி வழி. ‘ஸ்வாயே’, ‘ஏயே’ என்று எழுதும்போது ஒய்-க்குப் பின்னால் ‘ஐ’ கிடையாது. படித்த பிரெஞ்சுக்காரர்களே அங்கே ஓர் ‘ஐ’யைச் சொருகுவார்கள். மற்ற வினைகளில் இருப்பதால் கை தானாகப் போகும். ‘பார்’ என்னும் ‘வ்வார்’ வினையில் ஒய்-யும் வேண்டும், ‘ஐ’யும் வேண்டும் என்பது இன்னொரு வேதனை.

லாஷப்பல்_லதா · திங்கள், இரவு 10:15

பாரிசுக்கு வந்து முப்பது வருசம் ஆகப் போகுது. நான் ஒரு வகுப்புக்கும் போகவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூட வாசலில்தான் படித்தேன்.

தங்கச்சி, அட்டவணையும் வேண்டாம், அடிச்சொல்லும் வேண்டாம். முழு வசனமாகப் பிடியுங்கோ. ‘இல் ஃபோ க து ஃபாஸ் தே தவ்வார்’, வீட்டுப்பாடம் செய்யவேணும். ‘இல் ஃபோ க ஜி ஆய்’, நான் வெளிக்கிடவேணும். ‘இல் ஃபோ க து ஸ்வா ஸாஜ்’, குழப்படி செய்யாமல் இருக்கவேணும். நாளுக்கு நூறு தரம் இந்த மூன்றும் காதில் விழும். ‘ஃபாஸ்’ என்பது ஒழுங்கில்லாத வினை என்று எனக்கு இப்ப இந்த இழையைப் படிக்கத்தான் தெரியும்!

டிராம் தம்பி, ‘இல் ஃபோ பார்திர்’ என்றால் யார் போகவேணும்? ஒருக்கால் நான் வேலையிடத்தில் அப்படிச் சொல்ல, எதிரில் நின்ற பெண் தன்னைத்தான் போகச் சொல்லுறேன் என்று நினைத்துக் கோட்டை எடுத்துக்கொண்டு போயிட்டா. நான் எனக்கு பஸ் வருகுது என்று சொல்ல வந்தேன். ‘இல் ஃபோ க ஜ பார்த்’ என்றிருந்தால் பிரச்சினையே இல்லை.

டிராம்_டிக்கெட் · திங்கள், இரவு 10:31

அக்கா, அது எனக்கும் நடந்திருக்கிறது. யாரும் சொல்லாததால் தெரியவில்லை போல.

நன்னூல்_நேசன் · செவ்வாய், காலை 7:00

தமிழில் இது இல்லை என்று யார் சொன்னது? வியங்கோள் வினைமுற்று இருக்கிறதே! வாழ்க, வருக, ஒழிக. ‘விவ் லா ஃப்ரான்ஸ்’ என்பதில் உள்ள ‘விவ்’ சப்ஜங்டிவ்தான். அப்படியே நம் ‘வாழ்க’. தேவாலயத்தில் ‘உமது ஆட்சி வருக’ என்று சொல்கிற இடத்தில் பிரெஞ்சில் ‘க தோன் ரேஞ்ய் வியென்’. வருக என்பதும் ‘வியென்’ என்பதும் ஒன்றுக்கு ஒன்று. ‘அப்படியே ஆகுக’ என்பதற்கு ‘ஆன்ஸி ஸ்வாதில்’. இங்கே அந்த ‘ஸ்வா’வும் வந்துவிட்டது. வியங்கோளுக்கு மூவிடத்துக்கும் ஒரே உருவம். நான் வாழ்க, நீ வாழ்க, அவர் வாழ்க. ஐயா சொன்ன நான்கு இடத்துக்கும் ஒரே ஒலி என்பதோடு ஒத்துப்போகிறது, பாருங்கள்.

கணக்குப்பிள்ளை · செவ்வாய், காலை 9:45

கேட்க நன்றாக இருக்கிறது, நேசன். ஆனால் அது வீட்டின் ஒரு மூலை மட்டும். ‘நீ வர வேண்டும்’ என்பதை ‘நீ வருக வேண்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். வாழ்த்து, சாபம், வேண்டுதல் தாண்டி வியங்கோள் உதவாது. தேர்வில் ‘விவ்’ கேட்கமாட்டார்கள்.

எனக்குப் பிடிபட்ட விதம் வேறு. கேழ்வரகு தடுக்கிய மூன்று இடத்தையும் தமிழிலேயே சொல்லிப் பாருங்கள்.

‘நான் கிளம்ப விரும்புகிறேன்.’ ‘அவன் கிளம்பணும்னு விரும்புகிறேன்.’ எழுவாய் ஒன்றாக இருந்தால் தமிழும் ‘கிளம்ப’ என்ற செய என்னும் எச்சத்தோடு முடித்துக்கொள்கிறது. ஆள் மாறினால்தான் ‘-ணும்னு’ என்று தனி வாக்கியம் கட்டுகிறது. பிரெஞ்சும் அதுவே. ‘ஜ வெ பார்திர்’, ‘ஜ வெ கில் பார்த்’. ‘நான் நான் கிளம்பணும்னு விரும்புகிறேன்’ என்று தமிழில் யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? ‘ஜ வெ க ஜ பார்த்’ அவர்கள் காதில் அப்படித்தான் விழுகிறது.

அடுத்து ‘ஆப்ரே க’. ‘அவன் வந்த பிறகு’ என்கிறோம். வந்த: இறந்தகாலம், முடிந்த காரியம். பிரெஞ்சில் இண்டிகேடிவ், அதாவது சாதாரண வினை உருவம். ‘அவன் வருவதற்கு முன் கிளம்பிவிட்டேன்’ என்கிறோம். அவன் நேற்றே வந்து போயிருந்தாலும் ‘வந்ததற்கு முன்’ என்று சொல்வதில்லை; வருவதற்கு முன், வருமுன். எதிர்கால உருவம். பிரெஞ்சில் ‘ஆவான் க’, சப்ஜங்டிவ். ‘அவன் வரும் வரை காத்திருந்தேன்.’ மறுபடி ‘வரும்’. பிரெஞ்சில் ‘ஜுஸ்காஸ க’, சப்ஜங்டிவ். ‘வந்ததும்’ என்றால் ‘தே க’, இண்டிகேடிவ். ‘வந்ததால்’ என்றால் ‘பார்ஸ க’, இண்டிகேடிவ். முதல் காரியம் நடக்கிறபோது இரண்டாவது காரியம் இன்னும் நடக்காமல் இருந்தால் தமிழும் பிரெஞ்சும் ஒரே இடத்தில் உருவம் மாற்றுகின்றன.

நன்னூல்_நேசன் · செவ்வாய், காலை 10:20

அட! இது நன்னூலில் இல்லை. சரி, ஒரு கேள்வி. ‘அவன் வரும்போது’? அங்கேயும் ‘வரும்’தானே? ஆனால் ‘பான்தான் க’வுக்கும் ‘கான்’னுக்கும் இண்டிகேடிவ்.

கணக்குப்பிள்ளை · செவ்வாய், காலை 10:32

மாட்டிக்கொண்டேன். ‘வரும்போது’ என் கணக்கில் சேராது. அதைத் தனியாக எழுதி வையுங்கள். முன், வரை, படி, காக என்ற நான்குக்கும் மட்டும் என் கணக்கு செல்லும். ‘குழந்தை தூங்குவதற்காக விளக்கை அணைத்தேன்’ என்பது ‘பூர் க’. அதுவும் சப்ஜங்டிவ்.

லாஷப்பல்_லதா · செவ்வாய், மாலை 6:50

நடக்காதது என்றால் சப்ஜங்டிவ், நடந்தது என்றால் இல்லை என்று சொல்லுறீங்கள். அப்ப இதற்கு என்ன பதில்? நேற்று மகள் ஊரிலிருந்து வந்து வாசலில் நிற்கிறா. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னது: ‘ஜ ஸுயி கோன்தான்த் க து ஸ்வா லா’. நீ இங்கே இருக்கிறது சந்தோசம். பிள்ளை கண்ணுக்கு முன்னால் நிற்கிறா! நடக்காத காரியமா?

‘பியான் க’வும் அப்படித்தான். ‘மழை பெய்தாலும் போனோம்.’ நனைந்து வந்தோம். சப்ஜங்டிவ்தான்.

பழைய_பேனா · புதன், காலை 5:50

லதா அம்மா சொல்வதுதான் இந்த விஷயத்தின் நடுமையம். வகுப்பில் நானே பல வருடம் ‘உறுதியில்லாததற்கு சப்ஜங்டிவ்’ என்று சொல்லிக்கொடுத்து, ‘கோன்தான்’ வந்ததும் ‘இது தனி’ என்று மழுப்பியிருக்கிறேன்.

உண்மையா பொய்யா என்று பார்க்காதீர்கள். பேசுகிறவர் அதைச் சேதியாகச் சொல்கிறாரா என்று பாருங்கள். ‘மகள் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்’, ‘வந்திருக்கிறாள் என்று சொன்னார்கள்’, ‘வந்திருப்பாள் என்று நினைக்கிறேன்’. இவற்றில் ‘வந்தாள்’ என்பதே சேதி. இண்டிகேடிவ். ‘நீ இருக்கிறது சந்தோஷம்’ என்பதில் நீ இருக்கிறாய் என்பது சேதி இல்லை, அது அவளுக்கே தெரியும். சந்தோஷம் என்பதுதான் சேதி. இருப்பு அதற்கு அடியில் தாங்கலாகக் கிடக்கிறது. தாங்கலாகக் கிடக்கும் வினை சப்ஜங்டிவ். ‘பியான் க’வும் அவ்வாறே. மழை பெய்ததை ஒப்புக்கொண்டு தாண்டிப் போகிறோம், சேதி ‘போனோம்’. விரும்புகிறேன், பயப்படுகிறேன், சந்தேகப்படுகிறேன், வேண்டும், நல்லது, வெட்கம் எல்லாம் இந்தப் பக்கம்.

தமிழில்கூட ‘வந்தாள் என்று தெரியும்’ என்கிறோம், ‘வந்தது சந்தோஷம்’ என்கிறோம். முதலாவதில் முற்றுவினை, இரண்டாவதில் தொழிற்பெயர். தமிழும் அதைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் உட்கார வைக்கிறது. இதை நேசன் பார்த்துச் சொல்லட்டும்.

‘நினைக்கிறேன்’ என்ற ‘ஜ பான்ஸ் க’ இண்டிகேடிவ், ‘நினைக்கவில்லை’ என்ற ‘ஜ ந பான்ஸ் பா க’ சப்ஜங்டிவ் என்பதும் இதிலேயே அடங்கும். சேதியை மறுத்த பிறகு அது சேதி இல்லையே. ‘சாத்தியம்’ (போஸிப்ல்) என்றால் சப்ஜங்டிவ், ‘அநேகமாக’ (ப்ரோபாப்ல்) என்றால் இண்டிகேடிவ் என்று ஒரு மெல்லிய கோடு இருக்கிறது. அதை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். தத்துவம் தேடினால் தலைவலி.

கேழ்வரகு_தோசை · புதன், காலை 8:15

ஐயா, அப்படியானால் ‘ஜெஸ்பேர் க’? நம்புகிறேன், ஆசைப்படுகிறேன். விருப்பம்தானே? விருப்பத்துக்கு சப்ஜங்டிவ் என்றீர்கள். என் வகுப்பில் ஸ்பெயின்காரப் பெண் ஒருத்தி, அவள் மொழியில் இங்கே சப்ஜங்டிவ்தான் வரும் என்று அழாத குறை.

பழைய_பேனா · புதன், காலை 11:10

அவள் சொல்வது சரி. ஸ்பானிஷில் வரும், இத்தாலியனிலும் வரும். பிரெஞ்சு மட்டும் ‘எஸ்பெரே’யை நினைப்பு வினைகளோடு உட்காரவைத்திருக்கிறது. ‘ஜெஸ்பேர் க து வியான்த்ரா’ என்று எதிர்காலம் போடுங்கள். உங்கள் தமிழ் வாக்கியத்திலேயே ‘வருவாய் என நம்புகிறேன்’ என்று எதிர்காலம் இருக்கிறது, அதைப் பின்பற்றினால் தப்பாது. ‘வர வேண்டும் என ஆசைப்படுகிறேன்’ என்று சொல்லத் தோன்றினால் ‘ஜ ஸுஹேத் க’ போட்டு சப்ஜங்டிவ்வுக்குப் போகலாம்.

டிராம்_டிக்கெட் · புதன், மதியம் 12:40

‘ஆப்ரே க’ விஷயத்தில் எனக்கு ஒரு வழக்கு உண்டு. என் அலுவலகத்தில் ஐந்து பிரெஞ்சுக்காரர்கள். ஐந்து பேரும் ‘ஆப்ரே கில் ஸ்வா பார்தி’ என்றுதான் பேசுகிறார்கள். மேலதிகாரி மின்னஞ்சலிலும் அப்படியே. பிறந்த மொழிக்காரர்கள் ஐந்து பேர் தவறு, கேழ்வரகின் சிவப்புப் பேனா மட்டும் சரியா?

பழைய_பேனா · புதன், மாலை 4:00

ஐந்து பேர் என்ன, தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவரும் சொல்வார். ‘ஆவான் க’ பக்கத்திலேயே இருப்பதால் வாய் அதன் வழியில் போகிறது. ஒலியும் கொஞ்சம் காரணம். பழைய எழுத்து நடையில் ‘ஆப்ரே கில் ஃப்யு பார்தி’ என்பது இண்டிகேடிவ்தான். ஆனால் சப்ஜங்டிவ்வின் பழைய உருவமும் காதுக்கு அதே ‘ஃப்யு’. தலையில் ஒரு தொப்பிக் குறி மட்டும்தான் வித்தியாசம். பிரெஞ்சு அகாதமி இண்டிகேடிவ்தான் சரி என்று இன்றும் சொல்கிறது. அலுவலகத்தில் எப்படியும் பேசுங்கள். தேர்வுத் தாளில் இண்டிகேடிவ் எழுதுங்கள். பயமாக இருந்தால் ‘ஆப்ரே’ போட்டு ஒரு பெயர்ச்சொல்லை வைத்துவிடுங்கள்: ‘ஆப்ரே ஸோன் தேபார்’, அவன் புறப்பாட்டுக்குப் பின். யாரும் குறை சொல்ல முடியாது.

மழைக்கால_மின்மினி · புதன், இரவு 9:05

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘ஆவான் க’ என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. துலூஸில் வீடு தேடிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரரிடமிருந்து ஒரு மின்னஞ்சல்: ‘ஆவான் க ஜ ந பார்த்’ கூப்பிடவும் என்று. அதில் அந்த ‘ந’வைப் பார்த்து, ‘நான் போகவில்லை’ என்று எழுதியிருக்கிறார், ஆள் ஊரில்தான் இருப்பார் என்று நினைத்துக்கொண்டு மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீடும் போய்ச் சேர்ந்துவிட்டது. மறுப்பு என்றால் ‘ந’வோடு ‘பா’வும் வருமே, ‘பா’ இல்லாத அந்த ‘ந’ எதற்கு?

பழைய_பேனா · வியாழன், காலை 6:15

அலங்கார ‘ந’. ஆவான் க, பயம், ‘ஆ ம்வான் க’ (-தால் ஒழிய) இவற்றோடு எழுத்து நடையில் வரும். மறுப்புப் பொருள் துளியும் இல்லை. போட்டால் நடை கொஞ்சம் உயரும், விட்டால் ஒரு குறையும் இல்லை. ‘பா’வும் சேர்ந்து வந்தால்தான் உண்மையான மறுப்பு. வீட்டுக்காக வருந்துகிறேன்.

மழைக்கால_மின்மினி · வியாழன், காலை 7:45

இப்போது வேறு வீடு கிடைத்துவிட்டது, ஐயா. அதைத் தேடும்போதும் ஒரு சப்ஜங்டிவ் கற்றேன். முகவரிடம் ‘பால்கனி இருக்கிற வீடு தேடுகிறேன்’ என்று ‘கி ஆ’ போட்டுச் சொன்னேன். அவர் உடனே ‘எந்தத் தெருவில் பார்த்தீர்கள்?’ என்றார். நான் ஏற்கெனவே பார்த்துவைத்த ஒரு வீட்டைச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். ‘கி ஏ’ என்றிருக்க வேண்டுமாம். அப்படி ஒரு வீடு இருக்கோ இல்லையோ, இருந்தால் சரி என்ற பொருள் அதில்தான் வருகிறதாம். ‘பால்கனி உள்ள வீடாக இருக்கணும்’ என்கிற மாதிரி. ஒரு உயிரெழுத்தில் வாடகை விஷயமே மாறுகிறது.

நன்னூல்_நேசன் · வியாழன், காலை 9:00

ஐயா, பழைய நூல்களில் வருகிற ‘ஃப்யுஸ்’, ‘பார்லாஸ்’ போன்ற இறந்தகால சப்ஜங்டிவ்வும் படிக்க வேண்டுமா? எனக்கு ஆசையாக இருக்கிறது.

பழைய_பேனா · வியாழன், மதியம் 2:20

ஆசை இருந்தால் படியுங்கள்; நாவலில் கண்டால் அடையாளம் தெரியும். பேச்சில் போட்டால் சிரிப்பார்கள். முதன்மை வினை நிபந்தனை உருவத்தில் இருந்தால், அதற்குப் பின்னால் பழைய உருவத்துக்குப் பதில் நிகழ்கால சப்ஜங்டிவ் எழுதினாலும் தேர்வில் பிழையாகக் கொள்ள வேண்டாம் என்று 1901 பிப்ரவரி 26 அமைச்சக ஆணையிலேயே சலுகை கொடுத்துவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. கேழ்வரகு அம்மா அந்தப் பக்கமே போக வேண்டாம்.

லாஷப்பல்_லதா · வியாழன், இரவு 11:00

2026 ஜனவரி 1 முதல் பிரெஞ்சுக் குடியுரிமைக்கு பி2 வேணும் என்று ஆகிவிட்டதால் எங்கட கடைத்தெருவில் எல்லோர் கையிலும் இலக்கணப் புத்தகம். ஐம்பது வயசு ஆட்கள் தேத்தண்ணிக் கடையில் ‘ஸாஷ், ஸாஷ்’ என்று சொல்லிக்கொண்டிருக்கினம். அவைக்கு நான் சொல்லுறது: ‘வூ’ உருவத்தைத்தான் நல்லாய்ப் பழகுங்கோ. ‘நூ’வுக்குப் பதிலாக எல்லோரும் ‘ஓன்’ என்றுதான் கதைக்கிறது, அதற்கு ‘அவன்’ உருவம் போதும், ‘கோன் ஃபாஸ்’, ‘கோன் ஆய்’. ஆனால் அலுவலகத்தில், மருத்துவரிடம், வாய்மொழித் தேர்வில் எதிரில் இருக்கிறவர் ‘வூ’தான். அங்கே ‘ஃபாஸியே’, ‘புயிஸியே’, ‘வனியே’ வராவிட்டால் நாக்கு கட்டும்.

கேழ்வரகு_தோசை · சனி, மாலை 5:30

எல்லோருக்கும் நன்றி. இன்று கட்டுரையைத் திரும்ப எழுதினேன். 250 சொல் வேண்டும், கிட்டத்தட்ட 270 வந்தது. நகராட்சிக்குக் கடிதம், சைக்கிள் பாதை வேண்டும் என்று. சப்ஜங்டிவ் வந்த மூன்று இடங்களையும், வராத ‘ஜெஸ்பேர்’ வாக்கியத்தையும் இங்கே போடுகிறேன், திருத்துங்கள்.

‘இல் ஃபோ க லா வீல் ஃபாஸ் கெல்க ஷோஸ்.’ நகராட்சி ஏதாவது செய்ய வேண்டும்.
‘பூர் க லே ஸான்ஃபான் புயிஸ் ஆலே ஆ லெகோல்.’ பிள்ளைகள் பள்ளிக்குப் போக முடிவதற்காக.
‘பியான் க ஜ ஸ்வா நூவெல் இஸி.’ நான் இங்கே புதியவள் என்றாலும்.
‘ஜெஸ்பேர் க வூ ரெபோன்த்ரே.’ பதில் சொல்வீர்கள் என நம்புகிறேன்.

மூன்றாவதில் சந்தேகம். நான் புதியவள், எழுதுவதும் நான். எழுவாய் ஒன்றுதானே? மூல வினை போட வேண்டாமா?

கணக்குப்பிள்ளை · சனி, மாலை 6:02

வேண்டாம். ‘பியான் க’வுக்கும் ‘ஜுஸ்காஸ க’வுக்கும் மூல வினையோடு வருகிற இணை கிடையாது. ‘ஆவான்’, ‘பூர்’, ‘ஸான்’ (-ஆமல்) மூன்றுக்கும் உண்டு: ‘ஆவான் த பார்திர்’, ‘பூர் பார்திர்’, ‘ஸான் பார்திர்’. இணை இருந்தால், ஆளும் ஒருவரே என்றால், அதைப் போட வேண்டும். இணை இல்லாவிட்டால் சப்ஜங்டிவ்தான். உங்கள் நான்கு வாக்கியமும் சரி.

பழைய_பேனா · சனி, இரவு 7:15

நான்கும் சரி. இரண்டாவதில் ‘பிள்ளைகள்’ பன்மை என்பதால் ‘புயிஸ்’ கடைசியில் ஈ-என்-டி எழுதினீர்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே தமிழில் எழுதுவதால் எனக்குத் தெரியவில்லை.

கேழ்வரகு_தோசை · சனி, இரவு 7:18

ஐயோ. வெறும் ஈ.

டிராம்_டிக்கெட் · ஞாயிறு, காலை 9:50

நேற்று இரவு நண்பர்கள் வீட்டில் எழுந்து நின்று, யோசிக்காமல், ‘போன், இல் ஃபோ க ஜி ஆய்’ என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. எல்லோரும் சரி என்று கோட்டை எடுத்துக் கொடுத்தார்கள். சாப்பாடு இன்னும் போடவில்லை, பால்கனிக்குப் போய் அம்மாவுக்கு ஒரு போன் பேசத்தான் எழுந்தேன். வேறு வழியில்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ‘ஐந்து நிமிடம் வெளியே போய்விட்டு வருகிறேன்’ என்பதற்கு என்ன சொல்வார்கள், லதா அக்கா?